பன்னிரண்டாவது தலைவரின் தலை

"முடிவு பண்ணிட்டேன்!" என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்து.

கண்ணாடி வாயைத் திறக்கவில்லை. பின்அறையிலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள்.

"நல்லதுங்க. அந்தக் கதவைச் சாத்துங்க, தூசி வருது."

"என்ன முடிவுன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கலைன்னா சொல்லாம விட்டுடப் போறீங்களா?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். தலையிலிருந்த தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சங்கத்துச் சுவர்ல என் படம் முடியோடதான் தொங்கும். எழுதி வெச்சுக்கோ!"

"படம் தொங்கறதுக்கு ஆணி போதுங்க. முடி எதுக்கு?"

பார்த்தீர்களா? ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வீரமாக ஒரு வார்த்தை சொன்னால் அதற்குக் கிடைக்கிற மரியாதை இது. சரி, கதைக்குள் போவதற்கு முன்னால் ஆளைக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அவர் மனைவி பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். சேரத்தான் போகிறீர்கள், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவர் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இரண்டு தெரு கூடுகிற முனையில், டெய்லர் கடைக்கு அடுத்த கடை. வாசலில் பெரிய பலகை: "உள்ளது உள்ளபடி". முன்அறையில் அவர் படம் எடுப்பார். பின்அறையில் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைத் திருத்துவாள். பலகையில் இருப்பது உள்ளது உள்ளபடி. பின்அறையில் நடப்பது உள்ளது போனபடி. பருவை எடுப்பாள். சட்டையில் சிந்திய டீக் கறையை எடுப்பாள். குண்டான மேனேஜர்களுக்கு இரண்டாவது தாடையை எடுத்து அவர்களைக் கண்கலங்க வைத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு.

"இருக்கறதை எடுப்பேன். இல்லாததை வைக்க மாட்டேன்."

பல் விழுந்தவர் பல் கேட்டாலும் கிடையாது. மீசை முளைக்காதவன் மீசை கேட்டாலும் கிடையாது. அழுதாலும் புரண்டாலும் அவள் மவுஸ் அசையாது.

இனி அவர் தலைக்கு வருவோம். இருபத்தேழு வயதில் நெற்றி கொஞ்சம் அகலமானது. "அறிவு வளருது" என்றார். இருபத்தொன்பதில் உச்சியில் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. "தூங்கற வாட்டம் அப்படி" என்றார். முப்பதில் நெற்றியும் உச்சியும் ஒன்றையொன்று சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பி வாங்கிக்கொண்டார். இப்போது வயது முப்பத்து நான்கு. இரண்டு காதுக்கு மேலேயும் வேலி போட்டதுபோல் கொஞ்சம் முடி. வேலிக்குள்ளே வெறும் நிலம்.

வைத்தியம் செய்யாமல் இல்லை. தேய்க்காத எண்ணெய் இல்லை. வெங்காயச் சாறு தேய்த்த மாதம் ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி, பாவம், இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சியபடி. "இப்பவே தெரிஞ்சுபோச்சு போல" என்று டெய்லர் கேட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் படம் எடுக்கிறவனுக்கு ஒரு சௌகரியம். அவன் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். கல்யாணமாகி ஏழு வருஷம். கல்யாணப் படத்துக்கு அப்புறம் அவர் தலை எந்த கேமராவிலும் விழவில்லை. யாராவது செல்போனைத் தூக்கினால் "குடுங்க, நான் எடுக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வார். இப்படியே ஆயுசை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்.

அப்போதுதான் புகைப்படக்காரர் சங்கம் அவரைத் தலைவராக்கித் தொலைத்தது.

நாற்பது உறுப்பினர்கள். போட்டியே இல்லை. சங்கத்துக் கூடத்தில் இதுவரை இருந்த பதினொரு தலைவர்களின் படமும் வரிசையாகத் தொங்குகிறது. அடேயப்பா, எப்படிப்பட்ட தலைகள்! ஒருவருக்கு அலை. ஒருவருக்குச் சுருள். ஒருவருக்கு நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் குன்றுபோல் நிற்கிறது. பன்னிரண்டாவது ஆணியையும் அடித்துத் தயாராக வைத்துவிட்டார்கள். சங்கத்தின் விதி ரொம்பக் கறார்: படம் அந்த வருஷம் எடுத்ததாக இருக்க வேண்டும், தலைவரின் சொந்த ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்க வேண்டும், முகத்தையோ தலையையோ எதுவும் மறைக்கக் கூடாது. தொப்பிக்கு அங்கே வேலை இல்லை. பழைய படம் கொடுத்தும் தப்பிக்க முடியாது. ஒருமுறை ஏறிய படம் இறங்காது. அவர் போன பிறகும் அவர் தலை அங்கேதான் இருக்கும்.

"என்னைப் பாக்காதவங்கல்லாம் பாப்பாங்க. 'இது யாரு, மொட்டை?'ன்னு கேப்பாங்க. பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்!" என்றார் மனைவியிடம்.

"இருந்தா மட்டும் என்ன பதில் சொல்லுவீங்க?"

"ஏம்மா, ஒரே ஒரு தடவை. கொஞ்சமா. ரொம்ப வேணாம், ஒரு கைப்பிடி. நீ வெச்சா யாருக்கும் தெரியாது."

"இல்லாததை வைக்க மாட்டேன்."

"கட்டின புருஷனுக்குக்கூடவா?"

"கட்டின புருஷன்னுதான் நின்னு பதில் சொல்லிட்டிருக்கேன். வேற ஆளா இருந்தா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பேன்." அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "ஏங்க, அங்க வர்ற நாப்பது பேரும் போட்டோக்காரங்க. அவங்க கண்ணுலயா மண்ணைத் தூவப் போறீங்க? அந்தப் பதினொரு படத்தையும் என்னிக்காவது உத்துப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காமயா! அதைப் பாத்துத்தானே வயிறெரியுது."

"முடியைப் பாத்திருக்கீங்க. படத்தைப் பாக்கலை" என்று சொல்லிவிட்டு அவள் யாரோ ஒருவரின் மூக்கிலிருந்த மருவை எடுக்கப் போய்விட்டாள்.

முடியைக் கட்டி மலையை இழு; வந்தால் மலை, போனால் முடி என்பார்கள். நம்மவருக்குக் கட்டுவதற்கே முடி இல்லை. ஆனாலும் இழுப்பதென்று முடிவு செய்துவிட்டார். அதுவும் மனைவிக்குத் தெரியாமல். நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

டெய்லர் முழுக்கதையையும் கேட்டார். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார்.

"தம்பி, முடிங்கறது என்ன? துணி மாதிரிதான். சொந்தமா இல்லைன்னா வெளியில வாங்கித் தைக்கறது. நான் ஒரு நாடகக் குழுவுக்கு டிரஸ் தைக்கறேன். அவங்ககிட்ட டோப்பா கிடக்கு. கேட்டு வாங்கித் தரேன். தொப்பியைக் கழட்டுங்க."

"இங்கயா?"

"பேண்டையா கழட்டச் சொன்னேன்? தலையைக் காட்டுங்க தம்பி." சுற்றி அளந்தார். "இருபத்திரண்டரை."

மறுநாள் டோப்பா வந்தது. ராஜா வேஷத்துக்குச் செய்தது, தோள்வரை புரண்டது. அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் கையில் வாள் ஒன்றுதான் குறைச்சல். டெய்லர் கொஞ்சமும் அசரவில்லை. பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கால்சட்டையைக் குட்டையாக்குவதுபோல் ஒரே நேராகச் சுற்றிலும் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தும் கொடுத்துவிட்டார்.

"உள்ள அரை இஞ்ச் விட்டிருக்கேன் தம்பி. பின்னாடி தலை பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

"தலை எப்படிண்ணே பெருக்கும்?"

"தலைவர் ஆயிட்டீங்களே, பெருக்காதா?"

அதை ஒரு பழைய லென்ஸ் பெட்டிக்குள் வைத்து, ஸ்டூடியோ அலமாரியின் மேல் தட்டில், மூன்று காலி டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போவாள். அன்றைக்குப் படத்தை எடுத்துவிடலாம் என்பது திட்டம். அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஸ்டூடியோவுக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவி ஸ்டூல் மேல் ஏறி நின்று, பின்திரைக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது அவர் முடி.

"இது என்ன பிரஷ்ங்க, புதுசா இருக்கு? அருமையா தூசி எடுக்குது. கீபோர்டு இடுக்கெல்லாம் சுத்தமாயிடுச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

"ஆ... ஆமா. லென்ஸ் துடைக்கற பிரஷ்."

"நல்ல தரம். அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு." அவள் ஒட்டடையை உதறினாள். "டெய்லர் அண்ணன்தான் சொன்னாரு, உள்ள அரை இஞ்ச் விட்டிருக்காராம்."

அவர் போய் கேமராவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

சண்டை வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வரவில்லை. அவள் ஸ்டூலை விட்டு இறங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். தினமும் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன்னால், லைட் சரியாக விழுகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதற்கு ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார வேண்டும். ஏழு வருஷமாக உட்காருகிறவள் அவள், அமுக்குகிறவர் அவர். நாலைந்து படம் எடுத்து, லைட்டை நகர்த்திச் சரிசெய்து, உடனே அழித்துவிடுவார்கள். அதைப் படம் என்றே யாரும் நினைப்பதில்லை.

"மேல பாத்துத் துடைச்சதுல கழுத்து பிடிச்சுக்கிச்சுங்க. இன்னிக்கு நீங்க உக்காருங்க, நான் அமுக்கறேன்."

"நானா?"

"லைட் பாக்கத்தானே. வெளியில ஆள் வந்தாச்சு, சீக்கிரம்."

உட்கார்ந்தார்.

"தொப்பியைக் கழட்டுங்க. மூஞ்சியில நிழல் விழுது, எதை வெச்சு லைட்டைச் சரிபண்றது?"

நியாயமான பேச்சு. தொழில் என்று வந்துவிட்டால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கேமராவுக்குப் பின்னால் குனிந்தாள்.

"ஏங்க, அந்த டோப்பாவை வெச்சுப் பாத்தீங்களே, எப்படி இருந்துச்சு?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான் சொல்லுங்களேன்."

அவருக்கும் யாரிடமாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. "வெட்டறதுக்கு முன்னாடி ராஜா மாதிரி இருந்துச்சு. வெட்டினதுக்கு அப்புறம்..." அவருக்குக் கண்ணாடியில் பார்த்தது ஞாபகம் வந்துவிட்டது. "டீ ஆறாம கெட்டில் மேல போடற குல்லா மாதிரி இருந்துச்சு!" என்று சொல்லும்போதே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அமுக்கினாள். ஏழெட்டுத் தடவை பளிச் பளிச் என்றது.

"போதும் போதும். அழிச்சுடு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சரிங்க" என்றாள் அவள். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அவர் ஸ்டூடியோக் கதவை உள்ளே தாழ் போட்டார். டோப்பா ஒட்டடைக்குப் போய்விட்டால் என்ன? அவருக்கு வேறு வழி தெரியாதா? படத்தைத் தானே எடுத்து, கம்ப்யூட்டரில் முடியையும் தானே வைத்துவிடுவது. அவள் செய்வதை ஏழு வருஷமாக எட்டி எட்டிப் பார்த்தவர்தானே. தலைகீழாக நின்றாவது இன்று முடித்துவிடுவது!

முதல் வேலை, படம். கேமராவில் பத்து விநாடி டைமர் வைத்தார். அமுக்கிவிட்டு ஸ்டூலுக்கு ஓடினார். முதல் படத்தில் முதுகு மட்டும் விழுந்தது. இரண்டாவதில் வெறும் ஸ்டூல். ஆறாவதில் லைட் வயர் தடுக்கி, இரண்டு கால்கள். பதினான்காவதில் முழு முகமும் கிடைத்தது. திருடப் போன இடத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள் என்பதுபோல் இருந்தது அந்த முகம். பரவாயில்லை, முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது வேலை, முடி. யாருடைய முடி? இங்கேதான் அவருக்கு ஒரு மகத்தான யோசனை தோன்றியது. கல்யாணப் படம்! அதில் இருப்பது சாட்சாத் அவருடைய சொந்த முடி. நாளைக்கே மனைவி கண்டுபிடித்தாலும், "இல்லாததையா வெச்சேன்? என்னுதைத்தானே திருப்பி எடுத்துக்கிட்டேன்?" என்று கேட்கலாம். கேட்டால் அவளால் வாயைத் திறக்க முடியுமா?

உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாப்பிள்ளை தலையிலிருந்து முடியை ஓரம் ஓரமாகக் கத்தரித்து எடுத்து, இந்தத் தலையில் கொண்டுவந்து பொருத்தினார். பெரிதாக்கினார், சின்னதாக்கினார், சாய்த்தார், நிமிர்த்தினார். கடைசியில் அது உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறார்! "வாடா" என்றார் அந்த முடியைப் பார்த்து.

முப்பது அடி தூரத்திலிருந்தே ஒரு படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். அன்று அவர் கண்ணுக்கு வெளிச்சம் தெரியவில்லை. முடிதான் தெரிந்தது.

படத்தை பென்டிரைவில் போட்டார். பெரிய அளவில் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து தருகிற லேபுக்கு அன்றைக்கே கொண்டுபோனார். லேப்காரரின் காதருகே குனிந்தார்.

"ஃபிரேம் போட்டு, காகிதம் சுத்தி, நேரா சங்கத்துக் கூடத்துக்கு அனுப்பிடுங்க. ஸ்டூடியோவுக்கு வேணாம். யார்கிட்டயும் காட்ட வேணாம்."

"ஆகட்டும் தலைவரே" என்றார் லேப்காரர்.

அதற்கடுத்த ஐந்து நாளும் அவர் நடை ஒரு மாதிரியாக இருந்தது. விசில் அடித்தார். காரணமில்லாமல் மனைவிக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"என்னங்க, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க?"

"இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருங்க. எந்தப் படம் குடுத்தீங்க?"

"அன்னிக்கு நீயே பாரு!" என்றார், முகத்தை மிடுக்காக வைத்துக்கொண்டு.

விழா நாள். சங்கத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. நாற்பது போட்டோக்காரர்கள், கூட நாற்பது குடும்பங்கள். பன்னிரண்டாவது ஆணியில் படம் தொங்கியது. அதன் மேல் ஒரு நீலத் துணி, துணிக்கு ஒரு கயிறு. கயிற்றை இழுக்கப் போகிறவர் ஏழாவது தலைவர். சங்கத்திலேயே மூத்தவர், பெயரே மறந்துபோய் எல்லாருக்கும் அவர் "ஏழாவது"தான். எப்போதும் போலக் கம்பளிக் குல்லாவோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். நம்மவர் அவருக்குப் பக்கத்தில், தொப்பியோடு. மனைவி மூன்றாவது வரிசையில், டெய்லருக்குப் பக்கத்தில்.

யாரோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். நம்மவருக்குப் பொழுது போகவில்லை. சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். "முடியைப் பாத்திருக்கீங்க, படத்தைப் பாக்கலை" என்று அவள் சொன்னது காதில் வந்து நின்றது. சரி, பார்ப்போமே என்று பார்த்தார்.

ஏழாவது படத்தில் கண் நின்றது. முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம். முடியில் வெளிச்சம் வலப்பக்கம்.

திரும்பவும் பார்த்தார். சந்தேகமே இல்லை. நான்காவதைப் பார்த்தார். அங்கே காதுக்குப் பக்கத்தில் பிளேடால் வெட்டிய ஓரம் தெரிந்தது. ஒன்பதாவது தலைவரும் இரண்டாவது தலைவரும் ஒரே முடியை வைத்திருந்தார்கள். அடப்பாவிகளா! இத்தனை வருஷம் இதையா பார்த்து வயிறெரிந்தோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

கல்யாணப் படத்தில் லைட் இடப்பக்கம் இருந்தது. ஸ்டூடியோவில் அவர் லைட் வைப்பது வலப்பக்கம்.

நீலத் துணியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வலப்பக்க வெளிச்சத்தில் ஒரு முகம். அதன் மேல் இடப்பக்க வெளிச்சத்தில் ஒரு முடி. எதிரே நாற்பது போட்டோக்காரர்கள். எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரியும். மொட்டை என்று சொன்னால் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போவார்கள். லைட் தெரியாத தலைவர் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கேமராவைத் தொட முடியுமா? பதினைந்து வருஷத் தொழில்.

"ஐயா," என்றார் ஏழாவதின் காதில், "இன்னிக்கு வேணாம்யா. ஆணி ஆடுற மாதிரி இருக்கு."

"ஆணியா? நான் பாத்து அடிக்கச் சொன்ன ஆணி" என்று ஏழாவது எழுந்தார்.

"துணி நல்லா இருக்குய்யா. அப்படியே இருக்கட்டுமே. துணியோடயே..."

ஏழாவது கயிற்றை இழுத்துவிட்டார். நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கூடத்தில் சத்தமே இல்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு எங்கேயோ ஒருவர் கை தட்டினார். இன்னொருவர் தட்டினார். அப்புறம் கூடமே தட்டியது. பரிகாசம் போலத் தெரியவில்லை. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

சுவரில் ஒரு மொட்டைத் தலைக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து கன்னத்தில் விழுந்து, நெற்றியில் ஏறி, அந்தத் தலையின் வளைவு முழுக்க மெதுவாக ஓடி இறங்கியது. கண்ணோரத்தில் ஒரு துளி நீர்கூடத் தெரிந்தது. மடியில் கிடந்த தொப்பியின் நுனி படத்தின் கீழ்விளிம்பில் எட்டிப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் சிரித்தால் இப்படி இருக்கும் என்று அவருக்கு முப்பத்து நான்கு வயதுவரை தெரியாது. எத்தனையோ ஆயிரம் முகங்களை எடுத்த மனுஷன், இதைப்போல் ஒன்றை எடுத்ததில்லை. அதை நினைத்து அவருக்குப் பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனைவி மேலே சுற்றுகிற மின்விசிறியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது படத்துக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கும் அளவுக்கு நின்று பார்த்தார். திரும்பி வந்து நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, நாப்பது வருஷமா என் படத்தை நான் நிமிர்ந்து பாக்கறதில்லை. அது என் தம்பியோட முடி. கத்தரிச்சு ஒட்டினது. நான் செத்தாலும் அவன் தலைதான் இங்க தொங்கும்." அவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றினார். "எனக்கும் இது மாதிரி ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?"

தலைக்கு வந்தது தொப்பியோடு போய்விட்டது! நம்மவருக்கு உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கூடவே மிடுக்கும் வந்துவிட்டது. என்ன செய்வது, ஆள் அப்படி. விறுவிறுவென்று மைக் முன்னால் போனார். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். விளக்கு வெளிச்சம் தலையில் விழுந்தது.

"நண்பர்களே! இந்தப் படத்தை எப்படிக் குடுக்கறதுன்னு ரொம்ப யோசிச்சேன். மத்தவங்க மாதிரி நானும் எதையாவது வெச்சிருக்கலாம். எனக்கு வழி தெரியாதா? ஆனா முடிவு பண்ணினேன். நம்ம தொழில்ல உண்மை வேணும். இந்தப் படத்துல ஒரு புள்ளி திருத்தலை. ஒரு கோடு திருத்தலை. என் கடைப் பலகையில என்ன எழுதியிருக்கோ அதுதான் இது. உள்ளது உள்ளபடி!"

கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. டெய்லர் எழுந்து நின்று தட்டினார். மனைவியும் தட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். தொப்பி அவர் கையில் இருந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் காற்று தலையில் பட்டது. அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்பதையே மறந்திருந்தார்.

"லேப்காரர்கிட்ட யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தேனே" என்றார் கடைசியில்.

"அவர் யார்கிட்டயும் சொல்லலைங்க. ஏழு வருஷமா எந்த பிரிண்ட் போட்டாலும் கலர் சரியான்னு எனக்கு போன் பண்ணிக் கேப்பாரு. இதுக்கும் கேட்டாரு. 'அக்கா, இந்தப் படத்துக்கு ரெண்டு சூரியன் இருக்கே, அப்படியே போடட்டுமா'ன்னாரு."

அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"இரு, வேற படம் அனுப்பறேன்னேன். லைட் பாத்தோமே அன்னிக்கு, அதுல எட்டு இருந்துச்சு. அஞ்சாவது நல்லா இருந்துச்சு."

"அப்ப கழுத்து பிடிச்சது?"

"எனக்கா? எப்போ?"

பத்தடி தூரம் நடந்தார்கள். அப்புறம் அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "கல்யாணப் படத்துல இருக்கறவர் யாரோ ஒரு மாப்பிள்ளைங்க. அவரோட நான் ஒரு நாள்தான் இருந்தேன். ஏழு வருஷமா குடும்பம் நடத்தறது உங்களோட. எங்கிட்ட உங்க படம் ஒண்ணுகூட இல்லை. தினம் யார் யார் மூஞ்சியையோ பாத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்கு இந்த மூஞ்சி வேணும்னு தோணாதா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவிளக்குக்குக் கீழே வந்ததும் மறுபடி நெஞ்சு நிமிர்ந்தது.

"எப்படியோ போகட்டும். மைக்ல சும்மா அடிச்சுவிட்டேன்னாலும் நான் சொன்னது நூத்துக்கு நூறு உண்மையாப் போச்சு பாத்தியா? ஒரு புள்ளி திருத்தலை! உள்ளது உள்ளபடி!"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

அவர் நின்றார். "ஏம்மா. திருத்தலைதானே?"

"எதையும் வைக்கலைங்க. சத்தியமா."

"எடுத்தியா?"

"கொஞ்சம்."

"எதை எடுத்தே?"

"ரெண்டு காதுக்குள்ளயும் இருந்த முடியை."